ஒற்றைச் சட்டியில் கீரை பாஸ்தா: தண்ணீர் அளவு முதல் தேங்காய்ப்பால் வரை

சேமியா உப்புமா கிண்டத் தெரிந்தவருக்கு ஒற்றைச் சட்டிப் பாஸ்தா பாதி தெரிந்த மாதிரிதான். தாளித்து, அளந்து தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் முழுவதையும் உள்ளேயே இழுக்க விட வேண்டும். வடிப்பது கிடையாது, தனியாகச் சாஸ் காய்ச்சுவதும் கிடையாது. மீதிப் பாதியில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். தண்ணீர் எவ்வளவு, கீரை எப்போது இறங்கணும், தேங்காய்ப்பால் எப்போது இறங்கணும்? இந்த மூன்றும் பிடிபட்டால் 25 நிமிடத்தில் மூன்று பேருக்கு இரவுச் சாப்பாடு தயார். கழுவ ஒரே ஒரு சட்டி.

பாஸ்தாவைக் கொதிதண்ணீரில் போட்டு வடித்து எடுக்கும்போது கூடவே போவது கஞ்சி. சோறு வடித்த கஞ்சி எப்படி வெளுத்து வழுவழுப்பாக இருக்குமோ, அதே மாவுச்சத்துதான் இதிலும். அந்தக் கஞ்சி சட்டியிலேயே நின்றால் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் பிரியாமல் பிடித்து வைக்கும். பாஸ்தா மேல் வழுக்காமல் ஒட்டும் குழம்பு அதிலிருந்துதான் வருகிறது. வடித்த பாஸ்தாவில் எண்ணெய் அடியில் தனியாகத் தேங்கி நிற்பதற்கு அந்தக் கஞ்சி வெளியே போய்விடுவதுதான் காரணம்.

எந்தப் பாஸ்தா

பாக்கெட்டின் பின்பக்கத்தில் உட்பொருள் வரியைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்று மட்டும் இருந்தால் எடுக்கலாம். மைதா கலந்தது ஒற்றைச் சட்டி முறைக்கு ஒத்துவராது. வடிக்கிற முறையில் அது எப்படியோ தப்பித்துவிடும். இங்கே பத்து நிமிடத்தில் வெளியே கூழும் உள்ளே பச்சையுமாக நிற்கும். டியூரம் கோதுமையில் புரதம் கூடுதல், மாவும் இறுக்கம். அதனால் கிளறினாலும் உடையாது.

வடிவத்தில் பென்னே அல்லது ஃபுசிலி நல்லது. பென்னேயின் குழாய்க்குள் குழம்பு ஏறும், ஃபுசிலியின் முறுக்கில் கீரை சிக்கும். சிறிய எல்போ மாக்ரோனி சீக்கிரம் குழையும்; அதற்கு எல்லா நேரத்திலும் மூன்று நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்பகெட்டி நம் வாணலிக்குள் படுக்காது, உடைத்துப் போட வேண்டி வரும். இரண்டு பாக்கெட்டில் மிச்சம் கிடந்ததைக் கலந்து போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று வேகும்போது மற்றது கரைந்திருக்கும்.

எந்தக் கீரை, எவ்வளவு நேரம்

குமரி மாவட்டத்தில் கீரைக்குப் பஞ்சமில்லை. வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போனால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். போகாவிட்டாலும் வீட்டுப் பின்புறத்தில் முருங்கை நிற்கும். ஆனால் கீரைக்குக் கீரை வேகும் நேரம் வேறு. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் பாஸ்தாவோடு சேர்த்து முதலிலேயே போடுவதுதான் இந்த உணவில் நடக்கும் பெரிய தவறு.

முருங்கைக்கீரை இதற்கு முதல் தேர்வு. தண்ணீரில் கரையாது, வாசனை தேங்காயோடு அவ்வளவு பொருந்தும். தீயில் நான்கு நிமிடம் போதும். முற்றிய இலை கசக்கும். கொப்பின் நுனிப்பக்கத்து இளம் இலையாகப் பாருங்கள். ஈர்க்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சோற்றில் ஈர்க்கைக் கண்டு எடுத்துவிடலாம், பென்னேக் குழாய்க்குள் போனதை எடுக்க முடியாது. உருவ நேரமில்லை என்றால் முந்தின இரவே கொப்பைத் துணியிலோ செய்தித்தாளிலோ இறுகச் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் பெரும்பாலான இலை தானே உதிரும்.

சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றின் இலைக்கு மூன்று நிமிடம். தண்டைத் தூக்கி எறியாதீர்கள். பொடியாக நறுக்கி, பாஸ்தா வெந்துகொண்டிருக்கும்போது நான்காவது நிமிடத்திலேயே போட்டுவிடுங்கள். சிவப்புக் கீரையும் இதே கணக்குதான், ஆனால் அதன் நிறம் தண்ணீரில் இறங்கும். தேங்காய்ப்பால் சேர்ந்ததும் பாஸ்தா முழுக்க ரோஜா நிறமாகிவிடும். கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம். கீரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் இந்த நிறத்துக்காகவே தட்டை நீட்டுவதும் உண்டு.

பாலக்கீரைக்கு ஒரு நிமிடம், அதுவும் அடுப்பை அணைக்கப் போகும்போது. பசலைக்கீரை கொழகொழக்கும், குழம்பைக் கெட்டியாக்கும் என்பதால் சிலருக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் அல்ல. மத்தன் (மஞ்சள் பூசணி) இலை என்றால் நரம்பின் நாரை உரித்து, பொடியாக அரிந்து, ஐந்து நிமிடம் விடுங்கள். சேம்பு இலை இந்தப் பக்கமே வேண்டாம். அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். புளி விட்டு நெடுநேரம் வேகவைக்க வேண்டிய இலை அது. நான்கு நிமிடச் சமையலுக்கு ஆகாது.

இனி வீட்டுக்குள் வரும் ஆட்சேபம்: ராத்திரியில் கீரையா? சீரணமாக நேரமெடுக்கும் என்றும், விளக்கு வெளிச்சத்தில் புழு தெரியாது என்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டாவது காரணத்தில் நியாயம் இருக்கிறது. கீரையைப் பகல் வெளிச்சத்திலேயே ஆய்ந்து, ஈரமில்லாத துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். முதல் காரணத்தைப் பற்றி அம்மாச்சிமாரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. அந்த வீடுகளில் கீரைக்குப் பதில் பொடியாக அரிந்த முட்டைக்கோஸ் அல்லது பயத்தங்காய் (காராமணிக்காய்). முட்டைக்கோசுக்கு ஐந்து நிமிடம், பயத்தங்காய்க்கு எட்டு.

அளவு: மூன்று பேருக்கு

பென்னே 200 கிராம்
கொதிக்கும் தண்ணீர் 600 மி.லி. (அவசரத்துக்கு மேலும் 100 மி.லி. பக்கத்தில் சூடாக இருக்கட்டும்)
தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி
சின்ன உள்ளி 12, நீளவாக்கில் அரிந்தது
பூண்டு 6 பல், சற்றுத் தடிமனாகச் சீவியது
காந்தாரி மிளகாய் 3, கீறியது; அல்லது பச்சை மிளகாய் 1
கறிவேப்பிலை ஒரு இணுக்கு
உருவிய முருங்கைக்கீரை தளர்வாக அள்ளி 3 கப், ஏறக்குறைய 60 கிராம். வேறு கீரை என்றால் ஆய்ந்தபின் 150 கிராம்
வேகவைத்த சிறுபயறு அரைக் கப்
கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி.
பொடியுப்பு 1 தேக்கரண்டி மட்டம்
நல்லமிளகு 1 தேக்கரண்டி, அப்போதே ஒன்றிரண்டாக இடித்தது
அண்டிப்பருப்பு 15
எலுமிச்சம்பழம் பாதி

உள்ளி என்றால் வெங்காயம், நல்லமிளகு என்றால் குறுமிளகு, அண்டிப்பருப்பு என்றால் முந்திரி. வடக்கே இருந்து படிப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறுபயறு கட்டாயமில்லை. ஆனால் மதியம் கஞ்சியும் பயறும் வைத்த வீட்டில் ஒரு கிண்ணம் பயறு மிஞ்சும்; அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. பாஸ்தாவும் கீரையும் மட்டும் என்றால் இரவு பத்து மணிக்கே வயிறு திரும்பக் கேட்கும். பயறு சேர்ந்தால் கேட்காது.

உப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாஸ்தா வேகும் தண்ணீர் கடல் போல உப்பாக இருக்க வேண்டும் என்று சமையல் நிகழ்ச்சிகளில் சொல்வார்கள். அது வடித்துக் கொட்டும் தண்ணீருக்கு. இங்கே ஒரு சொட்டும் வெளியே போகாது, போட்ட உப்பு முழுக்க வாய்க்கு வரும். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும் வீடுகளில் முக்கால் தேக்கரண்டியில் தொடங்கி, கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பதே நல்லது.

சீஸ் போடலாமா? தேங்காய்ப்பாலும் சீஸும் ஒன்றையொன்று அமுக்கும் என்பதால் இதில் தேவையில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். இத்தாலிய முறைப்படி செய்யும் அசல் பார்மெசானில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும், அதனால் அது சைவம் அல்ல. சீஸ் தருகிற உப்பும் கொழுப்பும் கலந்த கனத்த ருசியை வறுத்து நொறுக்கிய அண்டிப்பருப்பு ஓரளவு கொடுத்துவிடும்.

சட்டி

26 முதல் 28 செ.மீ. அகலம், ஏழெட்டு செ.மீ. ஆழம், மேலே மூடி. அடி தடித்த சீனச்சட்டி, எவர்சில்வர் வாணலி, நான்ஸ்டிக் எதுவானாலும் சரி. அகலம்தான் முக்கியம். பாஸ்தா இரண்டு அடுக்குக்கு மேல் குவியாமல் பரவ வேண்டும். குறுகிய பாத்திரத்தில் செய்தால் ஆவி குறைவாகப் போகும், அதே 600 மி.லி. அங்கே சூப்பாகிவிடும். பிரஷர் குக்கரில் விசில் வைத்துச் செய்பவர்களும் உண்டு. நடுவில் திறந்து கீரையைப் போட முடியாது என்பதால் இந்த முறைக்கு அது சரிப்படாது.

பழக்கிய இரும்புச் சட்டியில் செய்யலாம், முருங்கை சற்றுக் கறுக்கும், அவ்வளவுதான். தக்காளி சேர்ப்பதாக இருந்தால் இரும்பை விட்டுவிடுங்கள். புளிப்பு இரும்போடு சேர்ந்தால் வாயில் உலோக ருசி அடிக்கும்.

தேங்காய்ப்பால்

ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் பாக்கெட் பால் வாங்குவது மனதுக்கு ஒப்பாத காரியம். ஆனால் வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் வாங்கினால் குற்றமில்லை. தேங்காயில் எடுப்பதாக இருந்தால் அரை மூடியைத் துருவி, 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மிக்ஸியில் மூன்று நான்கு முறை விட்டு விட்டு ஓட்டிப் பிழியுங்கள். இது ஒண்ணாம் பால். தொடர்ந்து நைசாக அரைத்தால் சக்கையும் சேர்ந்து வந்து குழம்பு மணல் மணலாக இருக்கும்.

பிழிந்த சக்கையில் இன்னொரு 200 மி.லி. தண்ணீர் விட்டு ரெண்டாம் பால் எடுத்து, பாஸ்தா வேகும் 600 மி.லி. தண்ணீரில் அதையும் ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம். ருசி கூடும், அடிப்பிடிக்கும் வாய்ப்பும் கூடும். முதல் தடவை செய்பவர்கள் வெறும் தண்ணீரிலேயே செய்து பழகுங்கள்.

செய்முறை

தண்ணீரைப் பக்கத்து அடுப்பிலோ மின் கெட்டிலிலோ கொதிக்க வையுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டாலும் பாஸ்தா வெந்துவிடும், ஆனால் கொதி வரும் வரை ஊறிக்கொண்டே இருப்பதால் மேல்புறம் பிசுபிசுக்கும்.

சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் அண்டிப்பருப்பைப் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் உள்ளியும் கறிவேப்பிலையும் காந்தாரியும். நடுத்தீயில் நான்கு நிமிடம், உள்ளியின் ஓரம் பழுப்பாகும் வரை. அவசரப்பட்டு வெளுத்த உள்ளியிலேயே தண்ணீரை விட்டால் குழம்பு முழுக்கப் பச்சை வாடை. இந்த நான்கு நிமிடத்தைக் குறைக்காதீர்கள். பூண்டு கடைசி ஒரு நிமிடத்துக்கு மட்டும். உள்ளியோடு சேர்த்துப் போட்டால் உள்ளி பழுக்கும் முன் பூண்டு கருகிக் கசந்துவிடும்.

பழக்கத்தில் உளுத்தம்பருப்பு டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். துவரனுக்கு, அதாவது தேங்காய் அரைத்துப் போட்ட பொரியலுக்கு, அது அழகு. இங்கே பத்து நிமிடம் தண்ணீரில் கிடந்து, மொறுமொறுப்பும் போய், வேகவும் செய்யாமல், பல்லில் ரப்பராக இழுக்கும். கடுகு வேண்டுமானால் அரைத் தேக்கரண்டி.

இப்போது உலர்ந்த பாஸ்தாவைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள், சேமியாவை வறுப்பது போல. ஒவ்வொரு துண்டும் எண்ணெயில் மினுங்கினால் போதும், நிறம் மாற வேண்டாம். எண்ணெய் பூசிய பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டுவது குறையும்.

கொதிக்கும் தண்ணீர் 600 மி.லி., உப்பு. சட்டி சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறோம்.

முதல் இரண்டு நிமிடம் கரண்டியைக் கீழே வைக்க வேண்டாம். பாஸ்தாவின் மேல்புறத்து மாவு பசையாகும் நேரம் இது. கிளறாமல் விட்டால் குழாய்கள் ஒன்றோடொன்று படுத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கம் கடைசிவரை வேகாது. பிறகு மூடியைப் பாதி சாய்த்து வைத்து, தீயை நடுத்தரத்தில் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடியை வழித்துக் கிளறினால் போதும். தண்டு போடுவதாக இருந்தால் நான்காவது நிமிடத்தில். பயறு ஆறாவது நிமிடத்தில்.

எட்டாவது நிமிடத்தில் ஒரு பென்னேயை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். குழாயின் சுவருக்குள், வெளி விளிம்புக்கும் உள் விளிம்புக்கும் நடுவில், சுண்ணாம்பால் இழுத்தது போல மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். அது தண்ணீர் எட்டாத மாவு. வளையம் முழுசாகத் தெரிந்தால் இன்னும் மூன்று நான்கு நிமிடம் இருக்கிறது, அங்கங்கே புள்ளியாக உடைந்திருந்தால் இரண்டு நிமிடம், மறைந்தே போயிருந்தால் தாண்டிவிட்டீர்கள். பாக்கெட்டில் போட்ட நேரத்தை விட இந்த வளையத்தை நம்புங்கள். தண்ணீர் குறைவாக இருப்பதால் ஒற்றைச் சட்டியில் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகவே பிடிக்கும்.

வளையம் முழுசாக இருக்கும்போதே முருங்கை இறங்க வேண்டும். அந்நேரம் தண்ணீர் பாஸ்தாவின் பாதி உயரத்துக்கு நிற்க வேண்டும். மூடியை எடுத்துவிட்டு, கீரையை மூன்று பங்காகத் தூவுங்கள். ஒரு பங்கு வாடி அமர்ந்தபின் அடுத்தது. மொத்தமாகக் கொட்டினால் பந்தாக உருண்டு, ஒருவர் தட்டில் கீரைக்கட்டியும் மற்றவர் தட்டில் வெறும் பாஸ்தாவும் விழும். சிறுகீரை வகை என்றால் ஒன்பதாவது நிமிடம், பாலக் என்றால் பதினொன்று.

கீரை விழுந்தபின் மூடி வேண்டாம். கீரையிலிருந்து எளிதில் ஆவியாகும் அமிலங்கள் கிளம்பும். திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும், மூடினால் நீராகித் திரும்ப விழுந்து பச்சையைப் பாசி நிறமாக்கிவிடும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடுவது தேவையற்ற வேலை. கீரையும் கூழாகும், வாயிலும் சோப்பு ருசி.

பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் பாஸ்தா பல்லுக்கு லேசாகத் தட்டுப்படும் பதத்தில் இருக்கும். கரண்டியைச் சட்டியின் அடியில் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்து, மெல்ல மூடிக்கொண்டால் சரி. மூடாமல் அப்படியே நின்றால் வற்றிவிட்டது, இரண்டு கரண்டி சுடுதண்ணீர் விடுங்கள். கோடே விழாவிட்டால் தீயைக் கூட்டி ஒரு நிமிடம்.

அடுப்பை அணையுங்கள். கொதி அடங்க ஒரு நிமிடம் பொறுத்திருந்து, அதன்பின் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் பாலிலுள்ள புரதம் திரிந்து, எண்ணெய் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரியும். சொதிக்கும் தேங்காய்ப்பால் குழம்புக்கும் ஒண்ணாம் பால் விட்டதும் இறக்கிவிடுவோமே, அதே காரணம்தான். நல்லமிளகைத் தூவி, மூடி வைத்து இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் பாஸ்தா இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், குழம்பு தானே கெட்டியாகும். அதனால் அடுப்பிலிருந்து இறக்கும்போது ‘கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே’ என்று தோன்றுவதுதான் சரியான பதம்.

எலுமிச்சையைச் சட்டியில் பிழியாதீர்கள், தட்டில் பிழியுங்கள். புளிப்பு பட்டால் கீரையும் நிறம் மாறும், பாலும் திரியும். அண்டிப்பருப்பையும் தட்டில்தான் நொறுக்கிப் போட வேண்டும். சட்டியில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் நமத்துவிடும்.

தவறிப்போனால்

தண்ணீர் வற்றிவிட்டது, பாஸ்தா வேகவில்லை: பெரும்பாலும் தீ அதிகம், அல்லது மூடியைச் சாய்க்காமல் முழுக்கத் திறந்து வைத்தது. 50 மி.லி. சுடுதண்ணீர் விட்டு, மூடி போட்டு, தீயைக் குறையுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு 50. ஒரேயடியாக ஒரு டம்ளர் ஊற்றினால் அடுத்த சிக்கல் தொடங்கும்.

பாஸ்தா வெந்துவிட்டது, தண்ணீர் நிற்கிறது: பெரும்பாலும் குற்றம் கீரையில் இருக்கும். கழுவிய ஈரத்தோடு அள்ளிப் போட்டால் இலையோடு இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரும் சேர்ந்து வரும். கழுவும்போது கீரையைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுங்கள், மண் அடியில் தங்கும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றியபின் துணியில் பரப்பி வையுங்கள். இப்போதைக்கு, வெந்த பயற்றில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மசித்துக் கலந்தால் குழம்பு பிடிக்கும். சோளமாவு கரைத்து ஊற்ற வேண்டாம், கடை சூப் மாதிரி ஜவ்வாகும்.

அடிப்பிடித்துவிட்டது: சுரண்டவே சுரண்டாதீர்கள். அடுப்பை அணைத்து, மேலே இருப்பதை மட்டும் கிளறாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியைத் தொடாத வரை தீய்ந்த வாடை மேலே பரவாது.

உப்புக் கூடிவிட்டது: இன்னும் 50 மி.லி. தேங்காய்ப்பாலும் ஒரு கைப்பிடி பயறும். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுக்கும் என்பார்கள். அது தன் பங்குத் தண்ணீரோடு உப்பையும் குடிக்கும், மிச்சக் குழம்பு அதே உப்பில்தான் இருக்கும். அதற்குக் காத்திருந்தால் பாஸ்தா குழைந்துபோகும்.

பால் திரிந்துவிட்டது: பார்க்கத்தான் சகிக்காது, சாப்பிடலாம். ஒரு கரண்டி சுடுதண்ணீர் விட்டு வேகமாகக் கலக்கினால் பாஸ்தாவின் கஞ்சி பாதியளவாவது திரும்பச் சேர்த்துப் பிடிக்கும்.

முருங்கை கசக்கிறது: முற்றிய இலை, அல்லது மூடி வைத்து நெடுநேரம் வேகவிட்டது. அரைத் தேக்கரண்டி சீனி சேர்த்தால் சமாளிக்கலாம். எலுமிச்சையும் உதவும்.

ஆள் கூடினால், குறைந்தால்

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். 200 கிராமுக்கு 600 மி.லி. என்றால் 400 கிராமுக்கு 1,200 என்று பெருக்கக் கூடாது. 200 கிராம் பாஸ்தா தனக்குள் இழுப்பது ஏறக்குறைய 250 மி.லி.தான். இன்னொரு 250 ஆவியாகப் போகிறது, மீதி குழம்பாக நிற்கிறது. பாஸ்தா இரட்டித்தால் இழுக்கும் தண்ணீர் இரட்டிக்கும்; ஆனால் அதே சட்டி, அதே தீ, அதே பன்னிரண்டு நிமிடம் என்பதால் ஆவியாகப் போவது இரட்டிக்காது. ஆகவே 400 கிராமுக்கு ஒரு லிட்டர் போதும். தனியாளுக்கு 100 கிராம் என்றால் 300 அல்ல, 400 மி.லி. வேண்டும். 400 கிராமுக்கு மேல் வீட்டு வாணலியில் முயல வேண்டாம். அடியில் இருப்பது குழையும்போது மேலே இருப்பது விறைத்து நிற்கும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

துவரன் பாங்கில்

தேங்காய்ப்பாலே வேண்டாம், உதிரி உதிரியாக வேண்டும் என்பவர்களுக்கு இது. தண்ணீரை 550 மி.லி. ஆகக் குறையுங்கள். அரைக் கப் தேங்காய்த்துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பல் பூண்டு, ஒரு காந்தாரி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள். இவற்றைத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் ஒரே சுற்று, துவரனுக்கு அரைப்பது போலவே. கீரை வெந்து தண்ணீர் வற்றியதும் இதைப் போட்டு, சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டி இறக்குங்கள். பச்சை வாடை போனால் போதும். கடைசியில் ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய். உளுத்தம்பருப்பு மேல் ஆசை விடாதவர்கள் அதைத் தனியே தாளித்து இதன் மேல் கொட்டிக்கொள்ளலாம், இங்கே தடையில்லை. முருங்கைக்கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் இந்தப் பாங்குதான் பால் விட்டதைவிட ஒரு படி மேல் என்பது எங்கள் தீர்ப்பு.

தக்காளி சேர்ப்பதாக இருந்தால் நடுத்தர அளவில் இரண்டு, தண்ணீரில் 50 மி.லி. குறைவு. உள்ளி வதங்கியபின் தக்காளியை எண்ணெய் பிரியும்வரை வதக்கிவிட்டுத்தான் பாஸ்தாவைப் போட வேண்டும். தக்காளியின் புளிப்பில் கீரை பச்சையாக நிற்காது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

மிஞ்சினால்

தேங்காய்ப்பால் விட்டதை இந்தப் புழுக்கத்தில் விடியும்வரை வெளியே வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போகட்டும், மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். காலையில் திறந்தால் குழம்பே இருக்காது, பாஸ்தா அத்தனையையும் குடித்து ஊதிப்போய் இருக்கும். மூன்று மேசைக்கரண்டி சுடுதண்ணீர் தெளித்து, சிறுதீயில் மூடி வைத்து, ஓரத்தில் ஆவி கிளம்பியதும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் பால் திரியும். பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கு என்றால் முந்தின இரவே துவரன் பாங்கில் செய்ததை மட்டும், சூடாக்கி ஆறவிட்டுக் கட்டிக் கொடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் முத்து முத்தாக ஆவி கோர்த்துச் சொட்டி, மதிய மணி அடிக்கும்போது பாஸ்தா நசநசத்துக் கிடக்கும்.